ரப்பர் அறை ஆஞ்சப்பன்

ஆஞ்சப்பனை அந்த நாளில் நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். இப்போது 'அவர்' என்று எழுதுவதால் எதுவும் நேராகிவிடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதுகிறேன்.

ஓசூருக்கு வெளியே, பெங்களூர் சாலையில், பட்டாளத்தின் விமான உதிரிபாகக் கிடங்கு ஒன்று இருந்தது. சண்டைக் காலத்தில் போட்ட நாலு தகரக் கொட்டகைகள், சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் ஒரு காவல்காரர். பெங்களூர்ப் பட்டறையில் போர் விமானங்களைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். திருகாணி முதல் சக்கரம் வரை அவர்களுக்கு வேண்டியது எங்களிடமிருந்து போகும். நான் அங்கே குமாஸ்தா. பெயர் பெருமாள். பாகலூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பள்ளி இறுதி வகுப்பு தேறியவன். இங்கிலீஷில் டைப் அடிப்பேன். இந்த மூன்றையும் சேர்த்து எடை போட்டால் எவ்வளவு வருமோ, அதைப்போல நாலு மடங்கு தலைக்கனம் இருந்தது.

விமானம் என்றால் ஜனங்களுக்கு ஓட்டுகிறவன்தான் கண்ணில் படுவான். ஒரு ரப்பர் வளையம் கிடைக்காமல் ஆறு மாதம் தரையில் கிடக்கும் விமானம் யார் கண்ணிலும் படாது. கிடங்கு வேலை என்பது அந்த வளையம் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, இன்னும் உபயோகத்துக்கு ஆகுமா என்று எந்த நேரமும் தெரிந்து வைத்திருப்பது. நான் அதைப் பேரேட்டில் பார்த்துச் சொல்வேன். ஆஞ்சப்பன் பார்க்காமலே சொல்வார்.

அவர் ஓசூரை ஒட்டிய கூலிக்காரர் குடியிருப்பில் பிறந்தவர். அவர் அப்பா எங்களைப் போன்றவர்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். சண்டைக் காலத்தில் பெங்களூர் விமானத் தளத்தில் சுமை தூக்கப் போன ஆஞ்சப்பனை, ஒரு வெள்ளைக்காரச் சார்ஜன்ட் சாமான் அறையில் நிறுத்திக்கொண்டான். அங்கே இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் பழகினார். வாசித்து அர்த்தம் சொல்லவோ, பேசினால் புரிந்துகொள்ளவோ தெரியாது. ஆனால் பெட்டியின்மேல் உள்ள எண்ணைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது, எந்த வருஷம் செய்தது, எந்த விமானத்தின் எந்த மூட்டில் மாட்டுவது என்று சொல்லிவிடுவார். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், பெங்களூர் லாரிக்காரர்களோடு கன்னடம்.

கிடங்கில் ரப்பர் அறை அவர் பொறுப்பு. அது கொட்டகைகளை விட்டுத் தள்ளி, புளியமரத்து நிழலில் தனியாக இருந்தது. ரப்பருக்கு வெயில் ஆகாது, பெட்ரோல் வாடை ஆகாது, எண்ணெய் ஆகவே ஆகாது. விமானத்தின் சக்கரக் கால் இறங்குவதும் மடங்குவதும் ஒரு குழாய்க்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால். அந்தத் திரவம் ஒழுகாமல் பிடித்துக்கொள்வது கைவளையல் அளவுள்ள கறுப்பு ரப்பர் வளையம். வளையம் இளகினால் திரவம் ஒழுகும். திரவம் ஒழுகினால் கால் இறங்காது. கால் இறங்காத விமானம் எப்படித் தரைக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் வளையங்களை ஒரு வெள்ளைப் பொடியில் புரட்டி, தகர டப்பாவில் அடைத்து வைப்பார்கள். வயது கடந்த வளையத்தை ஆஞ்சப்பன் தன் கையாலேயே கத்தரியால் இரண்டாக வெட்டிவிடுவார். "முழுசா கெடந்தா எவனாச்சும் ஆபத்துக்கு எடுத்து மாட்டிருவான்" என்பார். அந்த அறைக்குள் தன்னைத் தவிர யாரையும் தனியே விட்டதில்லை. நான் போனால்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு வரச்சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவன் என்ன எனக்குக் கையைக் கழுவச் சொல்வது என்று.

ஆயுத பூஜை எங்கள் கிடங்கில் விமரிசையாக நடக்கும். அன்று ஒருநாள் காவல் கெடுபிடி தளரும், குடும்பத்தோடு வரலாம். கொட்டகை கொட்டகையாகப் பெட்டிகளுக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, தீபத் தட்டு சுற்றி வரும். நாலாவது கொட்டகையோடு தட்டு திரும்பிவிடும். ரப்பர் அறைக்குப் போகாது. கேட்டால், தூரம் என்போம், ரப்பருக்குப் பக்கத்தில் நெருப்பு கூடாது என்போம். நூறு அடி தூரம். குங்குமத்தில் என்ன நெருப்பு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆஞ்சப்பன் தன் அறை வாசலில் நின்று அங்கிருந்தே கும்பிட்டுக்கொள்வார். உண்மையான காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஐம்பத்தாறாம் வருஷம் நாராயணப்பன் என்பவர் சூப்பரின்டென்டாக வந்தார். அவரும் நிலக்காரர் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் நல்ல மனுஷர். பூஜைக்கு முன்தினம் எல்லோரையும் கூப்பிட்டு, இந்தத் தடவை எல்லா அறைக்கும் பூஜை உண்டு, எல்லோரும் முதல் கொட்டகையில் ஒன்றாக நின்று ஆரத்தி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். சிலர் முகம் சுண்டியது. என் முகமும்தான்.

அன்று ஆஞ்சப்பன் வெளுத்த வேட்டி கட்டி, மனைவி சரசம்மாவோடு வந்தார். சரசம்மா ரப்பர் அறையைப் பெருக்கி, வாசலில் கோலம் போட்டார். ஆரத்திக்கு மணி அடித்தபோது ஆஞ்சப்பனுக்கு ஆள் போயிற்று. பதினோரு வருஷத்தில் முதல்முறை. அவர் அறையைப் பூட்டாமல், சரசம்மாவை உள்ளே விட்டுவிட்டு, வேகமாக வந்தார். அவர் ஆரத்தியில் கை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். கிண்டலாகப் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறது, எழுத மாட்டேன்.

அந்தக் கால் மணி நேரத்தில் நடந்தது இதுதான். வருஷாந்தரச் சோதனைக்காக ஒரு டப்பா திறந்து இருந்தது. உள்ளே நாற்பது வளையங்கள், மேலெல்லாம் வெள்ளைப் பொடி. சரசம்மா அதைத் தூசி என்று நினைத்தார். சாமிக்கு வைக்கிற பொருள் தூசியோடு இருக்கலாமா? ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்ததும் கறுப்பாக, மங்கலாக இருந்தன. எங்கள் பக்கத்தில் கறுப்புக் கல்லாலான சாமிக்கு எண்ணெய்க்காப்பு போட்டால்தான் பூஜை நிறையும். அவர் விளக்குக்கு என்று கொண்டுவந்திருந்த எண்ணெயைத் தொட்டு நாற்பது வளையத்துக்கும் தடவி, பளபளவென்று ஆக்கி, அழகாக அடுக்கி, மூடி போட்டு வைத்துவிட்டார்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் வீட்டில் தினமும் விளக்குக்கு விளக்கெண்ணெய்தான். விளக்கெண்ணெய் அந்த ரப்பரை ஒன்றும் செய்யாது. சக்கரக் காலில் ஊற்றுகிற திரவமே விளக்கெண்ணெயில் செய்ததுதான். ஆனால் தங்கள் அறைக்கு முதன்முதலாகப் பூஜை வருகிறதே, அதற்குப் போய் விளக்கெண்ணெயா என்று, சரசம்மா செக்கிலிருந்து புதுக் கடலெண்ணெய் வாங்கி வந்திருந்தார். கடலெண்ணெய் பட்டால் அந்த ரப்பர் நாள்பட நாள்பட ஊறி இளகும்.

ஆஞ்சப்பன் திரும்பி வந்தபோது டப்பா மூடியிருந்தது. அன்று பிரசாதம், ஆள் நடமாட்டம் என்று அதைத் திறக்கவில்லை, மறுநாள் விடுமுறை. ஆனைக்கும் அடி சறுக்கும். மூன்றாம் நாள் ஜவளகிரியிலிருந்து ஆள் வந்தது. அவர் தங்கை புருஷன் இறந்துவிட்டான். காரியம் முடியும்வரை லீவு சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இல்லாதபோது பெங்களூரிலிருந்து அவசரமாக இண்டென்ட் வந்தது, பன்னிரண்டு வளையம் வேண்டுமென்று. நாராயணப்பன் மாற்றுச் சாவியைக் கொடுத்து என்னை எடுத்து அனுப்பச் சொன்னார். நான் போனேன். கையைத் துடைக்கவில்லை. டப்பாவைத் திறந்து பன்னிரண்டு எண்ணி எடுத்தேன். விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது. பொடி இல்லையே என்றும் தோன்றியது. இங்கே பொய் சொல்ல எனக்கு இனி அவசியமில்லை. தோன்றியது, ஆனால் லாரி காத்திருந்தது, எனக்குப் பசி. புதுச் சரக்கு போலிருக்கிறது என்று நினைத்து விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஆஞ்சப்பன் ஜவளகிரியிலிருந்து திரும்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூழ் ஊற்றிக்கொடுத்த சரசம்மா, பூஜையன்று தான் வளையங்களை எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு வைத்ததைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர் கூழை வைத்துவிட்டு நேரே கிடங்குக்கு ஓடி, டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறார். பன்னிரண்டு குறைந்தது. மீதியை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அங்கிருந்து என் வீட்டுக்கு வந்தார்.

நாராயணப்பன் சேலம் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். ஆபீஸ் சாவி என்னிடம். ஆபீசுக்குள் டெலிபோன் இருந்தது. ஆஞ்சப்பன் என் வீட்டு வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொல்லி, ஆபீசைத் திறந்து பெங்களூருக்குப் பேசச் சொன்னார்.

விரலில் ஒட்டிய பிசுபிசுப்பு நினைவுக்கு வந்தது. கையெழுத்து என்னுடையது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அப்படிக் குறுகுறுத்ததைக் கோபமாக மாற்றி அவர்மேல் காட்டினேன். துடைத்துத்தானே வைத்திருக்கிறாள், ஒன்றும் ஆகாது என்றேன். பட்டாளத்து விஷயம், வாயைத் திறந்தால் உன் பெண்டாட்டியை ஜெயிலில் போடுவார்கள் என்றேன். நாளைக்குக் காலையில் ஆபீசில் பார்த்துக்கொள்ளலாம், போ என்றேன்.

"நாளைக்குள்ள அது மேல போயிட்டா, ஐயா?" என்றார்.

சாவி என் மடியில்தான் இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெங்களூர் சாலைப் பக்கம் நடந்தார். நான் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது.

அவர் என்ன செய்தார் என்பது பிற்பாடு விசாரணைக் காகிதத்தில் நானே டைப் அடித்ததால் தெரியும். பஸ் போய்விட்டது. அத்திப்பள்ளி வரைக்கும் நடந்து, அங்கே ராகி மூட்டை ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு பெங்களூர் போனார். பட்டறை வாசலில் பாஸ் இல்லாமல் விடவில்லை. வெயிலில் நின்றிருந்துவிட்டு, ஒரு என்ஜினீயரின் கார் வெளியே வந்தபோது அதன் குறுக்கே போய் நின்றார். டப்பாவின் எண், செய்த வருஷம், போன வளையம் பன்னிரண்டு என்று ஒப்பித்தார். என்ஜினீயர் அவரை உள்ளே கூட்டிப்போனார். பன்னிரண்டில் எட்டு இன்னும் மாட்டப்படவில்லை. நாலு வளையம் ஒரு விமானத்தில் மாட்டியாகிவிட்டது. அந்த விமானம் வெள்ளிக்கிழமையே வடக்கே கிளம்பிப் போயிருந்தது. அது என்ன ஆயிற்று என்று ஆஞ்சப்பன் கேட்டதற்கு, அது ராணுவ ரகசியம், உன் வேலை முடிந்தது, ஊருக்குப் போ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பன்னிரண்டாம் நாள் விசாரணை. பெங்களூரிலிருந்து ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. நான்தான் டைப் அடிக்கவும், மொழிபெயர்த்துச் சொல்லவும். அதாவது ஆஞ்சப்பன் சொல்வது என் வாய் வழியாகத்தான் அதிகாரிக்குப் போகும், அதிகாரி சொல்வது என் வாய் வழியாகத்தான் அவருக்கு வரும்.

வளையத்துக்கு எண்ணெய் போட்டது யார்? நான்தான், என்றார் ஆஞ்சப்பன். பதினோரு வருஷம் ரப்பரைக் கையாண்டவனுக்கு எண்ணெய் ஆகாது என்று தெரியாதா? பதில் இல்லை என்று டைப் அடித்தேன். ஆரத்திக்குக் கூப்பிட்டார்கள், அதனால் அறையைத் திறந்துவிட்டுப் போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாராயணப்பன் தலையில் பாதி விழுந்திருக்கும். சொல்லவில்லை.

பெங்களூர் போகும் முன் இங்கே யாரிடமாவது தெரிவித்தாயா என்று அதிகாரி கேட்டார். நான் அதை மொழிபெயர்த்தேன். ஆஞ்சப்பன் என்னைப் பார்த்தார்.

"யாருகிட்டயும் சொல்லலீங்க. நேரா பெங்களூர் போனன்."

அதை இங்கிலீஷில் சொல்லி, டைப்பும் அடித்தேன். அடுத்து அதிகாரி என்னைக் கேட்டார்: எடுத்துக் கொடுத்தபோது எண்ணெய் தெரிந்ததா? இல்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் கூட ஒரு கவளம் சோறாவது வைத்திருப்பான். என்னிடம் அதுவும் இல்லை. ஆஞ்சப்பன் தானாகவே சொன்னார், குமாஸ்தா ஐயாவுக்கு ரப்பர் பார்க்கத் தெரியாது, அவர்மேல் தப்பில்லை என்று. அதையும் நானே மொழிபெயர்த்தேன்.

இப்படியே நாலு மணி நேரம் போயிற்று. எந்தத் தேதி, எந்தப் பக்கம், யார் கையெழுத்து, எந்தச் சாவி. அப்போது வாசலில் சத்தம் கேட்டது. சரசம்மா வந்திருந்தார். காவல்காரர் தடுத்தும் நிற்காமல் வராந்தா ஏறி, கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டார். ஆஞ்சப்பன் கையை ஆட்டிப் போகச் சொன்னார். அவர் போகவில்லை.

"எண்ணெ போட்டது நான்தான் சாமி. அவருக்குத் தெரியாது. என்ன வேணா பண்ணுங்க. அந்த ஏரோப்ளேன்ல போனவரு உசிரோட இருக்காரா? அத மட்டும் சொல்லுங்க."

நாலு மணி நேரத்தில் எங்களில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. நாராயணப்பன் கேட்கவில்லை. கேட்டிருந்த ஒரே ஆளை ரகசியம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்து, நிதானமாகச் சொன்னார். அந்த ஞாயிறு மதியம் விமானம் ஆகாயத்தில் இருந்தது. பெங்களூரிலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி போய், ஓட்டியவர் உடனே சக்கரக் காலை இறக்கிப் பார்த்தார். ஒரு பக்கத்துக் கால் இறங்கவில்லை. திரவம் ஒழுகியிருந்தது. தொட்டியில் இன்னும் பெட்ரோல் இருந்ததால் வட்டம் அடித்துக்கொண்டே கையால் பம்ப் அடித்து, அரை மணி நேரம் போராடிக் காலை இறக்கிப் பத்திரமாக வந்துவிட்டார். செய்தி வராமல் இருந்திருந்தால், கடைசி நேரத்தில் தரைக்குப் பக்கத்தில் வந்துதான் கால் இறங்கவில்லை என்று தெரிந்திருக்கும். வட்டம் அடிக்கப் பெட்ரோலும் இருந்திருக்காது, பம்ப் அடிக்க நேரமும் இருந்திருக்காது. இந்த மனிதன் ஞாயிற்றுக்கிழமையே வந்து சொன்னதால்தான் அந்தப் பையன் பிழைத்தான் என்று இவர்களிடம் சொல், என்றார்.

நான் சரசம்மா பக்கம் திரும்பினேன்.

"உசிரோட இருக்காரும்மா."

"அவ்ளோதான் சொன்னாரா? ரொம்ப நேரம் பேசினாரே."

"அவ்வளவுதான்."

மீதியைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்ல வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற என் வார்த்தை அந்தப் பைலட்டைக் கொன்றிருக்கும் என்று, என் வாயாலேயே, ஆஞ்சப்பன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. நாராயணப்பனுக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். அவர் தலையைக் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழுக்கச் சொல்லிவிட்டதாக நினைத்தாரா, கவனிக்கவே இல்லையா, தெரியாது. நாலு மணி நேரம் அதிகாரிக்கு முன்னால் விறைப்பாக நின்றிருந்த ஆஞ்சப்பன், உசிரோட இருக்கார் என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வழக்கு கிடையாது, வேலையிலிருந்து நீக்கம் என்று உத்தரவு வந்தது. அதையும் நான்தான் டைப் அடித்தேன். அவர் சாவியை நாராயணப்பனிடம் கொடுத்துவிட்டு, மீதியிருந்த இருபத்தெட்டு வளையத்தையும் கத்தரியால் வெட்டிப்போட்டுவிட்டுப் போனார். வேறு ஒருவன் ரப்பர் அறைக்கு வந்தான். அடுத்த வருஷம் பூஜைத் தட்டு பழையபடி நாலாவது கொட்டகையோடு திரும்பியது. நாராயணப்பன் ஒன்றும் சொல்லவில்லை.

ஐம்பத்தொன்பதில் ஒரு வேலையாகத் தளி போயிருந்தேன். சந்தையில் யாரோ ஐயா என்று கூப்பிட்டார்கள். ஆஞ்சப்பன். ஜவளகிரியில் தங்கை வீட்டோடு போய்விட்டதாகவும், ஒரு விறகு டிப்போவில் வேலை என்றும் சொன்னார். இளைத்திருந்தார். சரசம்மா சௌக்கியமா என்று கேட்டேன். இருக்கிறாள், ஆனால் அன்றிலிருந்து எந்தச் சாமிக்கும் எண்ணெய் தொடுவதில்லை என்றார்.

என் பஸ் வந்து நின்றது. அவர் என் பையை வாங்கி மேலே ஏற்றி வைத்தார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டார்.

"அந்தப் பைலட்டு இப்ப நல்லா இருக்காராங்க?"

"இருப்பார்."

"இன்னும் தூக்கம் வர்றதில்லைங்க. என் ரூம்லருந்து போன பொருளால ஒரு உசிரு போகப் பாத்துச்சே. யாரு புண்ணியமோ, பொழைச்சாரு."

உன் புண்ணியம்தான் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். கண்டக்டர் விசில் ஊதினார். நான் பஸ்ஸில் ஏறி, அவர் நின்ற பக்கம் இல்லாத ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.